உடைத்தாகிவிட்டது என்று எழுதியிருக்கிறது

அரச சூளையில் முந்நூறு பேர் பீங்கான் செய்கிறார்கள். நான் ஒருவன் உடைக்கிறேன். என் பெயர் பெங் யோகுய். இருபத்திரண்டு வருடமாக இதே வேலை, இதே சுத்தியல். கைப்பிடியை மட்டும் நாலு தடவை மாற்றியிருக்கிறேன்.

பேரரசரின் உதட்டுக்கென்று செய்த கோப்பையில் ஒரு குறை வந்துவிட்டால், அது வேறு எவன் உதட்டிலும் படக் கூடாது. உடைத்துக் குழியில் புதைத்துவிட வேண்டும். நீலப்பூப் போட்ட வெள்ளைச் சாமான் என்றால் பத்துக்கு மூன்றுதான் என்னிடம் வரும். சிவப்பு அப்படியில்லை. செம்பைக் கரைத்துப் பூசி எடுக்கிற அந்தச் சிவப்பு, சூளைக்குள் போகும்போது ஒரு புத்தியோடும் வெளியே வரும்போது வேறு புத்தியோடும் இருக்கும். புகை கொஞ்சம் கூடினால் ஈரல் நிறம். கொஞ்சம் குறைந்தால் நிறமே ஓடிப்போய், நீர்த்த கஞ்சி மாதிரி வெளுத்துக் கிடக்கும். சில சமயம் சிவப்பின் நடுவில் பாசி பிடித்தது போலப் பச்சையாக ஒரு பொட்டு எட்டிப் பார்க்கும். நூறு சிவப்புக் கோப்பையில் தொண்ணூற்றாறு என் கல்லுக்கு வந்துவிடும். அந்த வகையில் பேரரசரைவிட அதிகமான அரசக் கோப்பைகளைக் கையில் பிடித்தவன் நான்தான். இதை நான் வெளியே சொன்னதில்லை.

உடைப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. கோப்பையை என் கல்லின்மேல் வைப்பார்கள். எழுத்தர் லியாவ் அதைச் சுற்றி வந்து பார்த்து, என்ன குறை, எந்த இடத்தில், எவ்வளவு பெரியது என்று உரக்கச் சொல்லிக்கொண்டே பதிவேட்டில் எழுதுவார். கடைசியில் ‘உடைத்தாகிவிட்டது’ என்று எழுதுவார். மேற்பார்வையாளர் முத்திரை வைப்பார். அதற்குப் பிறகுதான் எனக்குத் தலையசைப்பார்கள். உடைப்பதற்கு முன்பே எதற்கு எழுதுகிறீர்கள் என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் கேட்டேன். “மை காய வேணாமா? இந்த ஊர் மழைல நீ உடைச்சு முடிக்கிற வரைக்கும் காத்திருந்தா ஏட்டை எப்ப மூடறது?” என்றார். நியாயமாகத்தான் பட்டது.

பதினோரு வருடத்துக்கு முன் ஒரு நாள், அப்படி எழுதி முத்திரை வைத்த ஒரு சிவப்புக் கோப்பையை நான் அடிக்கப் போகும்போது, அப்போதிருந்த மேற்பார்வையாளர் கையை நீட்டித் தடுத்தார். தலைநகருக்கு நாற்பது அனுப்ப வேண்டும். பெட்டியில் முப்பத்தொன்பதுதான் இருந்தது. கல்லின்மேல் இருந்ததில் விளிம்புக்குக் கீழே ஒரு பச்சைப் பொட்டு, பாசிப்பயறு அளவு. அதற்குக் குட்டியாக ஒரு வாலும் உண்டு. “இதை நான் வீட்டுல வச்சு, தனியா, மரியாதையா உடைச்சுக்கறேன்” என்றார் எஜமான். கோப்பை அவர் சட்டைக் கைக்குள் போய்விட்டது. எழுத்தர் லியாவ் குனிந்து மை காய்வதையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அன்றைக்கே அதை மறந்துவிட்டேன். எஜமான் மூன்று மாதத்தில் பதவி உயர்ந்து போனார். இப்போது அவர் அமைச்சர்.

இந்த வருடம் வசந்தத்தில் தலைநகரிலிருந்து ஒரு மாதிரிக் கோப்பை வந்தது. அது பல்லக்கில் வந்தது. கூட வந்த அதிகாரி நடந்து வந்தார். முந்நூற்றொரு பேரும் சேற்றில் விழுந்து ஒன்பது முறை தலையைத் தரையில் முட்டினோம். புதிய மேற்பார்வையாளர் ஹெங்தாய் மஞ்சள் பட்டுத்துணியை விலக்கிக் கோப்பையை உயர்த்திப் பிடித்தார். நெற்றிச் சேறு கண்ணில் வழிய, நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். விளிம்புக்குக் கீழே பாசிப்பயறு. வால்.

 எழுந்திருங்கள் என்று சொன்ன பிறகும் நான் எழவில்லை. பக்தி என்று நினைத்து ஒருவர் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

ஹெங்தாய் ஓலையைப் படித்தார். அந்தப் பச்சைப் பொட்டு, பனிக்குள்ளிருந்து தலைகாட்டும் முதல் தளிரைப் போன்றது. மாட்சிமை தாங்கியவர் பதினோரு வருடமாக வேறெதிலும் தேநீர் அருந்துவதில்லை. இதே போல் நாற்பது வேண்டும். பொட்டு அதே இடத்தில், அதே அளவில், வாலோடு இருக்க வேண்டும். இலையுதிர்காலப் படகுகள் புறப்படுவதற்குள் வந்து சேர வேண்டும்.

சூளைத் தலைவர் ஹூ முன்னால் வந்தார். சூளையின் துளை வழியாக உள்ளே காறித் துப்பி, எச்சில் ஆவியாகிற விதத்தைப் பார்த்தே சூடு எவ்வளவு என்று சொல்லிவிடுவார். எங்கள் ஊரில் அவர் எச்சிலுக்கு இருக்கிற மதிப்பு பல பேருடைய பேச்சுக்குக் கிடையாது.

“ஐயா, பொட்டு நாங்க வைக்கிறது இல்ல. அது தானா வரும்.”

“அப்ப வரச் சொல்லு” என்றார் ஹெங்தாய்.

வீட்டுக்குப் போய் என் மனைவி யின்சுவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கடுகுக்கீரைத் தண்டு நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“அவர் எடுத்துட்டுப் போனதை யாரு பாத்தா?”

“நானும் எழுத்தரும்.”

“அவர் சொல்ல மாட்டாரா?”

“அவர் எழுதினதை மட்டும்தான் சொல்லுவார்.”

“அப்ப நீங்க வாயைத் தொறக்காதீங்க. யாராவது கேட்டா இருமுங்க.” அன்றிலிருந்து அவள் என்னோடு பேசும்போது முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கழுத்தையே பார்க்க ஆரம்பித்தாள்.

நான் வாயைத் திறக்கவில்லை. பதிவேடு திறந்துகொண்டது. சூளை வளாகத்துக்குள் வருகிற எந்தப் பொருளும் ஏட்டில் எங்கே இருக்கிறது என்று பார்த்துக் குறிக்க வேண்டும் என்பது விதி. எழுத்தர் லியாவ் ஆறு நாள் தேடி, பதினோரு வருடத்துக்கு முந்தைய பக்கத்தில் கண்டுபிடித்துவிட்டார். பொட்டு, பயறு, வால், எல்லாம் ஒரு மயிரிழை பிசகாமல் இருந்தது. தான் எழுதியது அவ்வளவு சரியாக இருந்ததில் அவருக்கு ஏற்பட்ட சந்தோஷத்தில், கிடைச்சிடுச்சு, கிடைச்சிடுச்சு என்று கத்திக்கொண்டே முற்றத்தைத் தாண்டி ஓடினார். பாதி முற்றத்தில்தான் அந்த வரியின் கடைசிச் சொல் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். நின்றார். ஆனால் அதற்குள் ஹெங்தாய் வாசலுக்கு வந்துவிட்டார்.

என்னைக் கூப்பிட்டார்கள். ஒரு மேசையில் கோப்பை, ஒரு மேசையில் ஏடு. நடுவில் தரையில் மண்டியிட்டு நான்.

ஹெங்தாய் கெட்ட மனிதர் இல்லை. குரலை உயர்த்த மாட்டார். அதனால்தான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

“பெங், இங்க மூணு சாட்சி இருக்கு” என்றார். “ஒண்ணு இந்த ஏடு. உடைச்சாச்சுன்னு சொல்லுது. அதுல எனக்கு முன்னால இருந்தவரோட முத்திரை இருக்கு. அவர் இப்ப அமைச்சர். அது தப்புன்னு சொல்ல எனக்கு வாய் இல்ல. ரெண்டாவது இந்தக் கோப்பை. முழுசா இருக்கு. மாட்சிமை தாங்கியவர் இதுல தேநீர் குடிக்கிறார். இது தப்புன்னு சொல்ல இந்த நாட்டுல யாருக்கும் வாய் இல்ல. மூணாவது நீ.”

“ஐயா, அப்ப நான்தான் தப்பா?”

“நான் அப்படிச் சொல்லவே இல்லையே. நீயா ஒத்துக்கற. எழுதிக்குங்க லியாவ்.”

லியாவ் எழுதினார்.

“ஐயா, அன்னிக்குப் பழைய எஜமான்தான் கையை நீட்டி...” என்று ஆரம்பித்தேன். அறையில் இருந்த ஏழு பேரும் ஒரே நேரத்தில் இருமினார்கள். யின்சு எனக்குச் சொன்ன யோசனை ஊருக்கே தெரிந்திருந்தது.

“என்ன சொன்ன?” என்றார் ஹெங்தாய்.

“தொண்டை கட்டியிருக்கு ஐயா.”

“உடம்பைப் பாத்துக்க. நீ எங்களுக்கு வேணும்.”

மறுநாள் காலை பக்கத்து வீட்டுத் தச்சர் நூலோடு வந்தார். கொஞ்சம் நிமிரு என்றார். எதற்கு அளவு என்று கேட்டேன்.

“குத்தவாளிங்க கழுத்துல மாட்டற பலகைக்கு. ரெண்டு அளவா எடுத்துக்கச் சொன்னாங்க.”

“ரெண்டாவது எதுக்கு?”

“நீளம்” என்றார். உள்ளேயிருந்து பாத்திரம் விழுகிற சத்தம் கேட்டது. அப்புறம் யின்சு அழுதாள். தச்சரும் நூலை மடியில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் அழுதார். போகும்போது, செடார் மரத்திலேயே செய்து தருகிறேன், பூச்சி அரிக்காது என்று சமாதானம் சொன்னார்.

ஆனால் சூளை அலுவலகம் எதையும் விசாரிக்காமல் செய்வதில்லை. உடைந்ததா இல்லையா என்று குழியைக் கேட்டுவிடலாம் என்று முடிவாயிற்று. நாற்பது பேரை விட்டு பதினோரு வருடத்துச் சில்லுகளைத் தோண்டினார்கள். சிவப்புச் சில்லுகள் மட்டும் இருபது வண்டி. அவற்றில் பச்சைப் பொட்டு வைத்த சில்லுகள் பதினேழு கிடைத்தன. எழுத்தர் லியாவ் நாலு நாள் கதவைச் சாத்திக்கொண்டு, பசையரிசிக் கூழால் அவற்றை ஒட்டினார். ஐந்தாம் நாள் அவர் கொண்டுவந்து வைத்ததற்கு மூன்று விளிம்பும் ஒன்றரை அடிப்பாகமும் இருந்தன.

ஹெங்தாய் அதை வெகுநேரம் பார்த்தார். “இது என்ன?”

“சான்று, ஐயா” என்றார் லியாவ். தூக்கமில்லாமல் அவர் கண் சிவந்திருந்தது.

சான்றை ஒரு பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள். அதற்குள் கோடை பாதி போய்விட்டது. நாற்பது கோப்பையில் ஒன்றுகூடச் செய்யவில்லை. விஷயம் இனி என் கழுத்தோடு மட்டும் நிற்காது என்பது ஹெங்தாய்க்குப் புரிந்தது. சூளைச் சாமிக்குப் பூசை போட உத்தரவிட்டார்.

எங்கள் சூளைச் சாமியும் ஒரு காலத்தில் எங்களைப் போலக் கூலிக்காரன்தான். அதிகாரி வைத்த கெடு தாங்க முடியாமல் எரிகிற சூளைக்குள் குதித்துவிட்டார். அவர் செத்த பிறகு சூளை நன்றாக வந்தது. அதிகாரிகளே செலவு செய்து கோயில் கட்டினார்கள். ஒவ்வொரு புதிய கெடு வைக்கும்போதும் அவர்களே வந்து முதல் ஊதுபத்தி ஏற்றுவார்கள்.

ஹெங்தாய் ஊதுபத்தியை நட்டுவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். “கோப்புகளைப் பாத்தேன். ஒரு ஆள் உள்ளே போனா நெறம் சரியா வரும்னு முன்னுதாரணம் இருக்கு. நான் யாரையும் கட்டாயப்படுத்தல. இது காட்டுமிராண்டி ஆட்சி இல்ல. யாராவது தாமா விரும்பி, கையெழுத்துப் போட்டு, நாள் கிழமை பாத்து வந்தா, இங்கயே பக்கத்துல இன்னொரு சன்னதி வச்சுடலாம். எடமும் இருக்கு.”

முந்நூறு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் சூளையின் வாசலைப் பார்த்தேன். தச்சர் அளவெடுத்தது ஞாபகம் வந்தது.  பக்கத்தில் இருந்தவனின் தோளைப் பிடித்துக்கொண்டேன். அவன் நாசூக்காக நகர்ந்தான்.

ஹூ அண்ணன் காறித் துப்பிவிட்டுச் சொன்னார்: “ஐயா, இவனைப் போட்டா புகை கூடிடும். ஈரல் கலர்தான் வரும்.”

“நிச்சயமா?”

“ஆள் கொழுப்பு அதிகம் ஐயா. ஓலைல சிவப்புதானே கேட்டிருக்காங்க?”

ஹெங்தாய் என் வயிற்றைப் பார்த்தார். தொழில் விஷயத்தில் தலையிட விரும்பாதவர். சரி, வேண்டாம் என்று விட்டுவிட்டார். நான் அன்றைக்குச் சாப்பிடும்போது யின்சு இரண்டாவது முறையும் பன்றிக் கொழுப்பை அள்ளி வைத்தாள். மிச்சம் வைக்காமல் தின்றேன்.

சூளை ஏற்றினார்கள். இரண்டு பகல் இரண்டு இரவு பைன் விறகு எரிந்தது. ஹூ அண்ணன் வாழ்நாள் முழுக்கப் பச்சை வராமல் பார்த்துக்கொண்டவர். இப்போது பச்சை வர வேண்டும் என்பதற்காகத் தெரிந்த தப்பையெல்லாம் செய்தார். புகையைக் கண்டபடி விட்டார். ஈர விறகைப் போட்டார். துளை வழியாகத் துப்பினார், பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார். “எதுக்குப் பாக்கணும்? கெடுக்கறதுக்கு எச்சில் எதுக்கு?” என்றார்.

சூளை ஆறிய பிறகு கோப்பைகளை மூடி வைத்திருந்த மண்கூடுகளை ஒவ்வொன்றாகத் திறந்தார்கள். முதலாவதில் பொட்டு இல்லை. இரண்டாவதிலும் இல்லை. நாற்பதும் சிவப்பு. ஈரல் இல்லை, வெளுப்பு இல்லை, பச்சை இல்லை. விளிம்பில் மட்டும் மெல்லிசாக ஒரு வெள்ளைக் கோடு, அதற்குக் கீழே அடிவரை நிறம் எங்கேயும் தடுமாறாமல் இறங்கியிருந்தது. இருபத்திரண்டு வருடத்தில் அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. அங்கே நாற்பது இருந்தன. கை வைத்தால் ஈரமாக இருக்குமோ என்று தோன்றியது.  ஹூ அண்ணன் தரையில் உட்கார்ந்துவிட்டார். இவ்வளவு பெரிய மனுஷன் தோள் குலுங்க அழுததை நான் அன்றுதான் பார்த்தேன். சந்தோஷமா பயமா என்று அவருக்கே தெரிந்திருக்காது.

“பொட்டு எங்க?” என்றார் ஹெங்தாய்.

“இல்லைங்க ஐயா. ஒரு குறையும் இல்ல” என்றார் ஹூ.

“அதான் குறை.” அவர் என் பக்கம் கையைக் காட்டினார்.

எழுத்தர் லியாவ் நாற்பது தடவை சுற்றி வந்தார். நாற்பது தடவை உரக்கச் சொன்னார்: “குறை, பொட்டு இன்மை. இடம், விளிம்புக்குக் கீழே. அளவு, பாசிப்பயறு. உடைத்தாகிவிட்டது.” முத்திரை விழுந்தது. தலையசைத்தார்கள். நான் அடித்தேன்.

எனக்கு உடைப்பதில் வருத்தம் இருந்ததே இல்லை. குறையுள்ளதைத்தானே உடைக்கிறோம் என்று தைரியமாக இருந்தேன். அன்றைக்கு ஒவ்வொரு அடிக்கும் கண்ணை மூடிக்கொண்டேன். இருந்தும் ஒன்றுகூடத் தப்பவில்லை. கை அவ்வளவு பழகியிருந்தது. அந்தக் கையை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

படகுகள் புறப்பட எட்டு நாள் இருந்தது. பொட்டு வைத்த கோப்பை ஒன்றும் இல்லை. ஏடு ஒன்று சொல்கிறது, கோப்பை ஒன்று சொல்கிறது. ஹெங்தாய் மூன்று நாள் யாரையும் பார்க்கவில்லை. நான்காம் நாள் எங்களை அழைத்தபோது அவர் முகம் தெளிந்திருந்தது. நான் கழுத்தைத் தடவிக்கொண்டேன்.

“அலுவலகத்துல பொய் எழுதக் கூடாது” என்று தொடங்கினார். “பதினெட்டு வருஷ சேவைல நான் ஒரு பொய்கூட எழுதினதில்ல. இப்பவும் எழுதப் போறதில்ல. பதினோரு வருஷத்துக்கு முன்னாடி இந்தக் கோப்பை உடைஞ்சது. இது உண்மை, ஏடு சொல்லுது. இப்ப முழுசா இருக்கு. இதுவும் உண்மை, கண்ணு சொல்லுது. ரெண்டு உண்மைக்கு நடுவுல ஒரு சந்து இருந்தா அதுக்கு என்ன பேர்?”

எழுத்தர் லியாவ் ஏட்டைப் புரட்டிப் பார்த்தார்.

“அற்புதம்” என்றார் ஹெங்தாய். “மாட்சிமை தாங்கியவரோட அறத்தால, உடைஞ்ச கோப்பை தானா ஒட்டிக்கிச்சு. அந்தப் பச்சைப் பொட்டு ஒட்டின தழும்பு. ஆக, அதே மாதிரி நாப்பது வேணும்னா என்ன செய்யணும்? முதல்ல குறையில்லாம நாப்பது செய்யணும். அப்புறம் உடைக்கணும். அப்புறம் புதைக்கணும். இது மூணையும் நாம ஏற்கனவே செஞ்சு முடிச்சாச்சு. கெடுவுக்கு அஞ்சு நாள் முன்னாடியே.”

எழுத்தர் லியாவ் முதலில் கை தட்டினார். பிறகு எல்லோரும் தட்டினோம். நானும் தட்டினேன், பயத்தில் சத்தமாகவே தட்டினேன்.

அதையே அறிக்கையாக எழுதிப் படகில் தலைநகருக்கு அனுப்பினார்கள். குளிர்காலத்தில் பதில் வந்தது. தலைநகரில் பெரிய மகிழ்ச்சியாம். பழைய எஜமானான அமைச்சர், தான் முத்திரை வைத்து உடைத்த கோப்பைதான் அது என்று பெருமையோடு உறுதி செய்திருந்தார். ஹெங்தாய்க்குப் பதவி உயர்வு. எழுத்தர் லியாவுக்குப் புது ஏடு. எனக்குத் தொப்பியில் வைக்க ஒரு பித்தளைக் குமிழும் ஒரு பதவியும் வந்தன. பதவியின் பெயர் ஒட்டுதல் காவலர். வேலை, குழியின் ஓரத்தில் உட்கார்ந்து நாற்பதும் ஒட்டி எழும்வரை காத்திருப்பது. முதல் கோப்பைக்குப் பதினோரு வருடம் ஆனதாக, ஏட்டில் உடைத்த நாளிலிருந்து அது முழுசாகத் திரும்பி வந்த நாள் வரை கணக்கிட்டு, எனக்கும் பதினோரு வருடம் கொடுத்திருந்தார்கள். அந்தக் கெடு முடியும் நாளில் நாற்பதில் ஒரு கோப்பை குறைந்தாலும் காவலரின் தலை எடுக்கப்படும் என்று கடைசி வரியில் இருந்தது.

ஹெங்தாய் படகில் ஏறும் முன் என் தோளைத் தட்டினார். “பதினோரு வருஷம், பெங். எத்தனை பேருக்கு இது கெடைக்கும்? எனக்கே அடுத்த எடத்துல மூணு வருஷம்தான் குடுத்திருக்காங்க.”

“ஐயா, ஒட்டலைன்னா?”

“ஏன் ஒட்டாது? மாட்சிமை தாங்கியவரோட அறத்துல உனக்குச் சந்தேகமா?”

எழுத்தர் லியாவ் ஏட்டைத் திறந்துகொண்டு பக்கத்தில் நின்றார். இருமினேன்.

யின்சு கணக்குப் போட்டுப் பார்த்தாள். எனக்கு இப்போது நாற்பத்தெட்டு. ஐம்பத்தொன்பது வரை உயிர் நிச்சயம் என்பது அவள் கட்சி. “எங்கப்பா அம்பத்தொண்ணுலயே போயிட்டார்” என்று ஆறுதல் சொன்னாள். ஆனாலும் என் கழுத்தைப் பார்ப்பதை அவள் விடவில்லை. தச்சர் கழுத்துப் பலகையைச் செய்து முடித்துவிட்டார். வீணாகக் கூடாதென்று எங்கள் வீட்டிலேயே கொண்டுவந்து வைத்திருக்கிறார். அதன்மேல் முட்டைக்கோஸ் காய்கிறது.

தினமும் விடிந்ததும் குழியோரம் போய்விடுவேன். வெயில் ஏறும்போது எழுத்தர் லியாவ் வந்து, ஏதாவது ஒட்டியதா என்று கேட்பார். இல்லை என்பேன். ‘இல்லை’ என்று எழுதிவிட்டுப் போவார். ஐந்து மாதம் இப்படிப் போயிற்று. தனியாக உட்கார்ந்திருக்கிறவனுக்குக் காது கூர்மையாகிவிடும். மழைக்குப் பிறகு மண் இறுகும்போது உள்ளேயிருந்து சில்லுகள் உரசுகிற சத்தம் கேட்கும். முதலில் சிரித்துக்கொண்டேன். பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன வாரம் ஒரு காலை, ஆற்றிலிருந்து பனி ஏறி எதுவும் தெரியாமல் இருந்தது. குழியின் ஓரம் வந்து கீழே பார்த்தேன். சில்லுக் குவியலின் மேல் ஒரு சிவப்புக் கோப்பை உட்கார்ந்திருந்தது.

முழுக் கோப்பை. அந்த நாற்பதில் பார்த்த அதே சிவப்பு. விளிம்பில் வெள்ளைக் கோடு. உள்ளே கொஞ்சம் பனித்துளி தேங்கியிருந்தது.

 மண்டியிட்டேன். கும்பிட்டேனா என்று ஞாபகமில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம், கொஞ்ச நேரத்தில் லியாவ் வருவார், ஒன்று ஒட்டியது என்று எழுதுவார், அது தலைநகருக்குப் போகும், ஒன்றுக்கு ஐந்து மாதம்தான் ஆயிற்று என்றால் மற்ற முப்பத்தொன்பதும் இந்தக் கோடைக்குள் ஏன் வரவில்லை என்று கேட்பார்கள். என்னிடம் இருந்தது பதினோரு வருடம். அது அந்தக் கோப்பைக்குள் உட்கார்ந்திருந்தது. சுத்தியலை எடுத்தேன். இந்த முறை எழுதுவதற்கு யாரும் இல்லை, தலையசைக்கவும் யாரும் இல்லை. அடித்தேன்.

பனிக்குள்ளிருந்து ஹூ அண்ணன் வந்தார். கையில் எனக்காக ஆவியில் வேகவைத்த ரொட்டி இரண்டு. அவர் சில்லுகளைப் பார்த்தார். என் கையில் சுத்தியலைப் பார்த்தார்.

“நான்தான் வச்சேன்” என்றார்.

சுத்தியலைக் கீழே வைத்தேன்.

“நாப்பத்தொண்ணு வந்துச்சு பெங். எண்ணறதுக்கு முன்னாடியே ஒண்ணை விறகுக்குள்ள மறைச்சு வச்சிருந்தேன். தெரிஞ்சா என் தலைதான். ஆனா எல்லாத்தையும் குடுக்க மனசு வரல. அப்புறம் யோசிச்சேன், ஒண்ணு எழுந்துட்டதுன்னா உன்னை விட்டுருவாங்கன்னு.”

“ஒண்ணு எழுந்தா மத்தது எங்கன்னு கேப்பாங்க அண்ணே.”

அவர் யோசித்தார்.  “ஆமா” என்றார். “கேப்பாங்க.” ரொட்டியை என்னிடம் கொடுத்துவிட்டு ஒரு சில்லை எடுத்துச் சட்டையில் துடைத்து, பனி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நல்லா வந்திருந்துச்சுல்ல?”

“நல்லா வந்திருந்துச்சு அண்ணே.”

எழுத்தரின் காலடிச் சத்தம் கேட்டது. ஹூ சில்லைக் குழிக்குள் போட்டுவிட்டு நடந்துவிட்டார்.

“ஏதாவது ஒட்டுச்சா?” என்றார் லியாவ்.

“இல்லைங்க.”

அவர் எழுதினார். மை காயும்வரை ஊதினார். போய்விட்டார்.

அன்றிலிருந்து எனக்குப் புதிதாக ஒரு பயம் பிடித்திருக்கிறது. யின்சுவிடமும் சொல்லவில்லை. ஏட்டில் இருப்பது நாற்பது. குழிக்குள் இருப்பது நாற்பத்தொன்று. மண் இறுகுகிறது, சில்லுகள் உரசுகின்றன, நான் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன். ஒருவேளை எல்லாமே ஒட்டி எழுந்துவிட்டால், அந்த ஒன்றுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?